அக்காவின் அளவு

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார்கள். எங்கள் ஊரான சாரத்தில் மில் சம்பளத்தை நம்பிப் பிள்ளை வளர்த்த வீடுகளில் எல்லாம் இதே கதைதான். அக்காவின் பள்ளிச் சீருடை தோளிலிருந்து நழுவும். செருப்புக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு நடப்பாள். உடம்புக்குச் சரியாகும் நேரத்தில் அது எனக்கு வந்துவிடும். "வளர்ற புள்ள, பெருசா இருந்தா இன்னா?" என்பாள் அம்மா. எழுதும்போதே எரிச்சல் வருகிறது.

அந்தப் பழக்கம் ஒருநாள் அக்காவின் மண்டைக்குள்ளேயே நுழையப் பார்த்தது.

அப்போது நான் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ரத்தக் குழாய்க்குள் ரத்தம் எப்படிப் பாய்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. அக்கா எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தீராத தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தபோது, வலது கண்ணுக்குப் பின்னால், மூளைக்குப் போகும் குழாயில் ஒரு சின்னப் புடைப்பு தெரிந்தது. வெடித்தால் பிழைப்பதே சந்தேகம். அந்த இடத்தில் ஸ்டென்ட் வைத்தால் புடைப்புக்குள் ரத்தம் பாய்வது குறையும் என்றார் டாக்டர். மெல்லிய கம்பியில் பின்னிய வலைக்குழல் அது.

நான் செய்யும் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஸ்கேன் சிடியை அவரே என் கையில் கொடுத்தார். அக்காவின் குழாயை அப்படியே கம்ப்யூட்டரில் உருவாக்கி, ஸ்டென்ட் கம்பெனி விற்பனையாளரிடம் கையிருப்பில் இருந்ததை அதற்குள் விரித்துப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர்தான் பெரிது. ஆனால் குறுகலான குழாய்க்குள் முழுதாக விரிய இடமில்லாமல் அது நீளவாக்கில் வளர்ந்து, கண்ணுக்குப் போகும் சின்னக் கிளையின் வாய்மேல் போய் உட்கார்ந்தது. கிளையில் ரத்தம் குறைந்தது. பார்வை போனாலும் போகலாம். ஒரு சைஸ் சின்னதைப் போட்டுப் பார்த்தபோது, புடைப்பை மூடிவிட்டுக் கிளைக்கு முன்னாலேயே நின்றது.

"கம்ப்யூட்டர மட்டும் நம்பி நான் முடிவெடுக்க மாட்டேம்மா. ஆனா நான் அளந்து பாத்ததும் இதத்தான் சொல்லுது. சின்னத வரவழைச்சிடலாம்" என்றார் டாக்டர். வந்து சேர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வெடிக்காது என்று உத்தரவாதம் தர முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வீட்டில் மாமா, அதாவது அக்காவின் கணவர், குதித்தார். "கையில இருக்கறத உட்டுட்டு இன்னாத்துக்குக் காத்துக் கெடக்கணும்? பெருசா இருந்தா நல்லதுதானே? சின்னதப் போட்டு நழுவிப் போச்சின்னா?" அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாள். விற்பனையாளர் வேறு மாமாவைத் தனியாகப் பிடித்து, பெரிதாக இருந்தால்தான் பிடிமானம் என்று ஓதிவிட்டுப் போயிருந்தார். கையிருப்பைத் தள்ளிவிடுகிற அவசரம் அவருக்கு. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

சமையலறையிலிருந்து வெங்காயம் கட்டிவந்த வலைப்பையை எடுத்து வந்தேன். அகலமாக விரித்தேன், குட்டையானது. பக்கவாட்டில் அமுக்கினேன், நீண்டது. "பாருங்க மாமா, குறுகலான எடத்துல இது நீளத்துலதான் போவும். நீண்டா அக்கா கண்ணுக்குப் போற கொழாய அடைக்கும்."

"வெங்காயப் பையும் மூளையும் ஒண்ணா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. "துணியா இருந்தா மடிச்சித் தைக்கலாம். இத உள்ள வெச்சப்புறம் எவன் மடிச்சித் தைப்பான்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

இத்தனை பேச்சிலும் அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான். கதவோரம் உட்கார்ந்திருந்தவள் வலைப்பையைக் கேட்டு வாங்கினாள். அவளும் ஒருமுறை விரித்து, அமுக்கிப் பார்த்தாள்.

"நாள் பூரா எவனோ வெளிநாட்டுக்காரன் சட்டைக்கு டேப்பு வெச்சி அளந்து அனுப்பறேன். கால் இஞ்ச் தப்பினாக்கூட திருப்பி அனுப்பறான். எனக்கு மட்டும் எதுக்குப் பெருசு?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "டாக்டர்கிட்ட சொல்லிடுடி. நான் காத்திருக்கறேன்" என்றாள்.

அந்த இரண்டு வாரமும் லேபில் போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடிப்போய் எடுப்பேன். நடுவில் ஏதாவது ஆகியிருந்தால், அக்காவைக் கொன்றவள் நான்தான் என்று சாகும்வரை சொல்லியிருப்பார்கள்.

ஸ்டென்ட் வந்தது, வைத்தார்கள். கிளையில் ரத்தம் ஓடுவதைப் படத்தில் காட்டினார் டாக்டர். மறுநாள் அக்காவின் இடது கண்ணைப் பொத்தி விரல்களைக் காட்டியபோது, அத்தனையும் சரியாகச் சொன்னாள். வெளியே வராண்டாவில் மாமா சொந்தக்காரர்களிடம், "நான் அப்பவே சொன்னேன், அளவா இருக்கறதத்தான் வெக்கணும்னு" என்று அளந்துகொண்டிருந்தார். அக்காவின் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தீபாவளிக்கு மாமா ஒரு நைட்டி வாங்கி வந்தார். அக்கா பிரித்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். அவளைப் போல் இன்னொருத்தியும் உள்ளே நுழையலாம்.

"வீட்லதானே போடப் போற, பெருசா இருந்தா இன்னா?" என்றார் மாமா.

அக்கா அதை மடித்து, கடைப் பைக்குள்ளேயே வைத்து, அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"கடை மூடறதுக்குள்ள போய் மாத்திட்டு வாங்க. மீடியம்."

மாமா என்னைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.