டர்போ ஆறட்டும்

கோபித்துக்கொண்டு புருஷன் வீட்டிலிருந்து வருகிற பெண்கள் பெட்டியோடு வருவார்கள், பிள்ளையோடு வருவார்கள். என் அத்தை வேனோடு வந்தாள். வடக்குப்பட்டில் எங்கள் தெருவே வேடிக்கை பார்க்க, வண்டியை ரிவர்ஸில் ஒரே மூச்சில் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கினாள். முன் சீட்டில் அவளுடைய டிரங்குப் பெட்டி பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு. வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வரவு ஒன்றை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

மாமா குடிகாரர் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே பெரியவர்கள் அத்தையின் வாயை அடைக்கப் பார்த்தார்கள். வேன் ஓட்டுகிறவளைப் பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில், கார்களுக்குப் போகிற டர்போவைப் பூட்டுகிற லைனில் அத்தை மூன்று வருஷம் கான்ட்ராக்டில் இருந்தாள். அப்போதெல்லாம் அவருக்குக் கூச்சம் வரவில்லை. கான்ட்ராக்ட் முடிந்து அனுப்பியதும் "இனிமே வூட்ல கெட" என்றாராம். அவள் கிடக்கவில்லை. லைசென்ஸ் எடுத்தாள், பழைய டீசல் வேன் ஒன்றைப் பிடித்தாள், ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றி இறக்க ஆரம்பித்தாள்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "டிரிப் கீற வரைக்கும் இங்க இரு. டிரிப் போச்சுன்னா வேன வித்துட்டு அவரு கூட போய்ச் சேரணும். அப்பால எங்கிட்ட பேச்சே கூடாது."

"சரிண்ணா" என்றாள் அத்தை. அப்பா பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக ஊரில் பேச்சு. உண்மையில் அவர் அந்த வேனில் ஒருமுறை போயிருந்தார். அது எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

அது ரெண்டு சிலிண்டர் இன்ஜின். காலியாகப் போனால் குதிரை, ஆள் ஏறினால் கழுதை. பெண்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவாள் என்பதால் தினமும் நானும் அதில்தான் போனேன். ஒரகடம் மேம்பாலத்தில் ஏறும்போது வேன் முக்கும், முனகும், இரண்டாவது கியரில் தவழும். பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கும். உள்ளே பெண்கள், தங்கள் எடையைக் குறைத்துக்கொள்வதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேட்டில் கார்டு தேய்க்க நேரம் தப்பினால் அரைநாள் சம்பளம் போய்விடும். அவர்கள் அத்தையைத் திட்டவில்லை, வேனைத்தான் திட்டினார்கள். கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் மட்டும் நேராக அத்தையையே திட்டினார். "இன்னொரு தபா லேட்டாச்சுன்னா வேற வண்டி போட்டுக்குவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னையும் ஏற்றிக்கொண்டு பென்னலூரில் இருந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாள். என் மடியில் சாக்கில் சுற்றி ஒரு சாமான். அடிபட்ட கார் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போ, காயலாங்கடையில் தேடிப் பிடித்தது. கறுப்பாக, என் தலை அளவில், நத்தை ஓடு மாதிரி சுருண்டிருந்தது.

மெக்கானிக் அதையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். "யம்மா, குருவி தலையில பனங்காய வெக்க சொல்றியே."

"மூணு வருசம் நான் முறுக்கி அனுப்பனது யார் யாரு வண்டியிலயோ சுத்திக்கினு கீது. என் வண்டியில ஒண்ணு சுத்தக்கூடாதா?"

மெக்கானிக் ஸ்பானரை எடுத்தார். வெளியே போகிற புகையின் வேகத்தில் உள்ளே ஒரு சக்கரம் சுற்றும், அது காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும் என்று அத்தை எனக்கு விளக்கினாள். வீணாகப் போகிற புகையையே வேலை வாங்குவது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. குழாய் வளைத்தார்கள், ஆயில் போக வர வழி செய்தார்கள், பம்பில் டீசலைக் கொஞ்சம் கூட்டினார்கள். மாலையில் கையைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக் ஒரு புத்திமதி சொன்னார். "ஓடி வந்ததும் டக்குனு ஆஃப் பண்ணாத. உள்ள சக்கரம் கொதிச்சிக்கினு இருக்கும். ஆயில் நின்னா தீஞ்சிடும். கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும், ஆறட்டும்."

மறுநாள் மேம்பாலத்தில் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஏற்றம் தொடங்கியதும் சீட்டுக்கு அடியிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. வேன் முக்கவில்லை. அத்தை மூன்றாவது கியரிலேயே ஏறினாள். வழக்கமாக எங்களைத் துரத்துகிற கன்டெய்னர் லாரியை நாங்கள் முந்திக்கொண்டு போனோம். லாரி டிரைவர் வாயைத் திறந்து பார்த்தார். உள்ளே பெண்கள் போட்ட கூச்சலில் எனக்குக் காது அடைத்தது. ஒருத்தி ஜன்னல் வழியாகத் துப்பட்டாவை நீட்டிப் பறக்கவிட்டாள்.

கேட்டில் செக்யூரிட்டி, "வண்டிய ஆஃப் பண்ணும்மா" என்று லத்தியால் தட்டினார். சூப்பர்வைசரும் வந்து கத்தினார். அத்தை ஸ்டியரிங்கில் கைவைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "டர்போ ஆறணும். இருங்க." இருந்தார்கள்! அத்தனை பெரிய கம்பெனி வாசலில், என் அத்தையின் இன்ஜின் ஆறும்வரை இரண்டு ஆம்பிளைகள் வெயிலில் நின்றார்கள். டிரிப் பிழைத்தது. எங்கள் வேனுக்கு 'டர்போ வண்டி' என்று பெயர் வந்தது.

அதிலிருந்து வீட்டு வாசலிலும் அதே கதைதான். வந்ததும் இறங்க மாட்டாள். இன்ஜின் ஓடும், அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள். என்னைக்கூட ஏறவிட மாட்டாள்.

"டீசல் இன்னா தண்ணியா?" என்பார் அப்பா.

"ஆறணும்ணா."

பொங்கலுக்குப் பிறகு விசில் நின்றுபோனது. ஏன் என்று கேட்டேன். "பழகிடுச்சி. புதுசுலதான் கத்தும்" என்றாள். அதே சமயத்தில் காலையில் என்னைச் சீக்கிரமே எழுப்ப ஆரம்பித்தாள். பாலத்தில் ரோடு வேலையாம். நான் பார்த்தவரை அங்கே ஒரு மண்வெட்டிகூட இல்லை. ஆனால் நாலாம் வகுப்புப் பிள்ளையை யார் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்?

ஒரு சனிக்கிழமை மாலை மாமா தன் அண்ணனோடு வந்தார். பழம், பூ, புதுச் சட்டை. சமாதானமாகக் கூட்டிக்கொண்டு போவதற்கு. அப்பா முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் சிரிப்பு. நாற்காலி போட்டார், ஃபேனைத் திருப்பிவிட்டார். அந்த நேரம் வேன் வந்து நின்றது. வாசலில் கிடந்த செருப்புகளை அத்தை பார்த்திருப்பாள். இன்ஜின் மட்டும் நிற்கவில்லை.

அப்பா இரண்டு தடவை வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். "இன்னா பண்ணிக்கினு கீற? வூட்டுக்கு ஆளு வந்துக்கீறாங்க." அம்மா என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். நான் பின்பக்கம் போய், டிரம் மூடியின்மேல் கனத்துக்கு வைத்திருந்த இரும்பை எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சொம்பில் மொண்டுகொண்டு வந்தேன். விருந்தாளிகள் காத்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் நானே விளக்கம் சொன்னேன்.

"டர்போ ரொம்ப சூடா கீது மாமா. ஆறனாத்தான் அத்த வருவாங்க."

"வண்டிக்குக் கீற மரியாத நமக்கு இல்ல பாரு" என்றார் மாமாவின் அண்ணன்.

ஒருவழியாக இன்ஜின் நின்றது. அத்தை உள்ளே வந்தாள். மாமாவுக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்து நின்றபடியே குடித்தாள். "நான் வரல" என்றாள். "டிரிப் கீது. அண்ணன் குடுத்த வார்த்த கீது. என் வேன்ல ஏறி உக்காரக் கூச்சமில்லன்னா நீங்க வாங்க, இட்டுக்கினு போறேன்." மாமா தரையைப் பார்த்தார். தான் சொன்ன வார்த்தையை அப்பா எப்படி மறுப்பார்? அவர்கள் பேருந்து பிடித்துப் போனார்கள். ஆரஞ்சுப் பழங்களை நாங்கள் தின்றோம். வேன் வேப்பமரத்தடியிலேயே இருந்தது, அத்தையும்தான்.

எந்த டர்போவும் பழகிப்போய் விசிலை நிறுத்துவதில்லை. நான் ஒரு வண்டிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. அத்தையிடம் கேட்டேன், சிரித்தாள். பனங்காயைக் குருவி ரொம்ப நாள் சுமக்கவில்லையாம். பொங்கல் கழிந்த கையோடு பேரிங் போய், இன்ஜின் ஆயிலைக் குடிக்கத் தொடங்க, மெக்கானிக் டர்போவைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து வேனில் வருகிற பெண்கள் எல்லோரும் பத்து நிமிஷம் முன்னாலேயே ஸ்டாப்புக்கு வந்து நின்றார்கள். மேம்பாலத்தில் தவழ்ந்துகொண்டே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை, எங்கள் வீட்டுக்கும் சொல்லவில்லை. கடைசிவரைக்கும் அது டர்போ வண்டிதான்.

டிரம் மூடியின்மேல் இருந்தது அதுதான், அந்தக் கறுப்பு நத்தை. 'ஸ்பேர்' என்று அத்தை சொல்லியிருந்தாள், நானும் நம்பியிருந்தேன். அன்றைக்கு மாலை வாசலில் அவள் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்க, நான் இரண்டு கையாலும் அதைத் தூக்கிக் கீழே வைத்தேன். சில்லென்று இருந்தது. கையில் ஒட்டிய துருவைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், டர்போ ரொம்பச் சூடாக இருக்கிறது என்று மாமாவிடம் சொன்னேன்.