எந்தச் செய்தியில் இத்தா தொடங்கும்

என் தம்பி சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவன். கடல் என்றால் கடலூருக்கு ஒருமுறை போய்க் கால் நனைத்ததுதான் அவனுக்குத் தெரியும். அவனை எண்ணெய்க் கப்பலின் இஞ்சின் அறைக்கு அனுப்பி வைத்தது ஒரு ஏஜென்ட்டும் ஒரு போரும். அந்தப் போரில் இறங்கிய ஒரு நாட்டின்மேல் மற்ற நாடுகள் பொருளாதாரத் தடை போட்டன. எந்த நாடு என்று எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் இரண்டு கட்சி கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். தடை வந்ததும் பெரிய கம்பெனிகளின் நல்ல கப்பல்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டன. ஓட்டை உடைசல் கப்பல்கள் போயின. அந்தக் கப்பல்களில் யாரும் அனுபவம் கேட்பதில்லை, பாய்லர் தெரிந்தால் போதும்.

போனில் பேசும்போதெல்லாம் சிரிப்பான்.

"அக்கா, கப்பலுக்கு மறுபடியும் பேரு மாத்திட்டானுங்க. பழைய பேர அழிச்சிட்டு புதுசா பெயிண்ட் அடிச்சிக்கினு இருக்கானுங்க. கொடியும் வேற."

"ஏண்டா?"

"தடை போட்டவங்க கண்ணுல படக்கூடாதாம்."

எனக்கும் அது அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. பெயர் மாற்றிக்கொண்டு ஓடுகிற கப்பலில் ஒரு ஆள் செத்தால் எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது என்று யாருக்குத் தோன்றும்?

அவன் அங்கே வேர்த்துக்கொண்டிருந்த காலத்தில் நான் கள்ளக்குறிச்சியில் என் மளிகைக் கடையில் உட்கார்ந்து டிவி பார்த்தேன். கணவர் மவுத்தாகி நான் தனியான பிறகு கடை என் பொறுப்பு. நம் நாடு யாருக்கும் பயப்படாது, எங்கே மலிவோ அங்கே எண்ணெய் வாங்கும், சொந்தக் காலில் நிற்கும் என்று ஒருவர் மேசையைத் தட்டுவார். தடைக்கு ஆளான நாட்டுக்காரர், எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, எல்லாவற்றையும் நாங்களே செய்துகொள்கிறோம் என்பார். தடை போட்டவர், இன்னும் கொஞ்சம் இறுக்கினால் வழிக்கு வந்துவிடுவார்கள் என்பார். இஞ்சின் அறையில் நிற்பவனைப் பற்றி மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. சூரியகாந்தி எண்ணெய் வரத்து கம்மி என்று சொன்னால், "நம்மூரு மல்லாட்ட எண்ண இருக்கும்போது அது இன்னாத்துக்குங்க?" என்று கடலை எண்ணெய்க்காக வீரம் பேசுவார்கள். பேசிவிட்டு, ஒரு பாக்கெட்டாவது இருக்கிறதா என்று கேட்பார்கள்.

ரமலானுக்கு இரண்டு மாதம் முந்திய ரஜப் மாதத்தில் அவனிடமிருந்து போன் வருவது நின்றது. முதலில் சிக்னல் இல்லை என்று நினைத்தோம். அவன் மனைவியைத் தனியே விட மனமில்லாமல், கடைக்குக் கடுக்காயும் சாமையும் எடுக்கக் கல்வராயன் மலைக்குப் போனபோது அவளையும் கூட்டிப் போனேன். மேலே பல ஊர்களில் போன் வேலை செய்யாது. அன்று முழுக்க அவள் போனைப் பார்க்கவில்லை. மலைக்காரப் பெண்களோடு உட்கார்ந்து கடுக்காய் பொறுக்கினாள், ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தாள். இறங்கி வடக்கனந்தலை நெருங்கும்போது இரண்டு பேர் போனும் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன.

வந்திருந்த செய்திகளில் ஒன்றில் எண்ணெய்க் கப்பல் எரிந்துகொண்டிருந்தது. அடுத்ததில், அந்த வீடியோ பழையது, வேறு போரில் எடுத்தது என்று போட்டிருந்தார்கள். ஒரு சேனலில் ஊழியர்கள் எல்லாரும் மீட்கப்பட்டார்கள். இன்னொன்றில் யாரும் பிழைக்கவில்லை. சுட்டதாகச் சொல்லப்பட்ட நாடு, அப்படி ஒரு கப்பலே அங்கு இல்லை என்றது. ஒரு செய்தியில் மட்டும் கப்பலின் பெயர் இருந்தது. அது அவன் கப்பல்தானா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியாக என்ன பெயர் எழுதினார்கள் என்று அவன் சொல்லியிருக்கவில்லை.

மறுநாளே அவளுடைய அம்மா நைனார்பாளையத்திலிருந்து வந்துவிட்டார். வாசலிலேயே அழுதுகொண்டு, "கருகமணியக் கழட்டிடும்மா, இத்தாவுல உக்காரு. டிவியிலயே சொல்லிட்டான்" என்றார்.

"எந்த டிவியிலம்மா?" என்றாள் அவள். "இன்னொரு டிவியில அவரு உசுரோட இருக்காரு."

கணவன் மவுத்தானால் எங்களில் பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பாள். வெளியே போகமாட்டாள்; தாலி மாதிரிக் கட்டிய கருகமணி, நல்ல துணி, பூ, மருதாணி எதுவும் கிடையாது. நானும் இருந்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அது சிறை மாதிரித் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை. அழுவதற்கென்று ஊரே எனக்கு ஒதுக்கிக் கொடுத்த காலம் அது. சமைத்தாயா, கடை திறந்தாயா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால்தான் அவள் அம்மா சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படி இத்தா இருப்பது? உட்கார்ந்தால் நாமே அவனைக் கொன்ற மாதிரி ஆகிவிடாதா? அவள் உட்காரமாட்டேன் என்றாள். நானும் அவள் பக்கம்தான் நின்றேன்.

ஏஜென்ட் ஒரே ஒருமுறை போனை எடுத்து, "எல்லாரும் சேஃப்புங்க, பயப்படாதீங்க" என்றார். அப்புறம் அந்த நம்பர் அணைந்துவிட்டது. மனு கொடுத்த இடங்களில் எல்லாம் விசாரிப்பதாகச் சொன்னார்கள். ஆயிரம் செய்தியை நம்பாத நாங்கள் அந்த ஏஜென்ட்டின் ஒற்றை வார்த்தையை மட்டும் நம்பினோம். எங்களுக்கு வேண்டியது அதுதானே.

ரமலான் வந்தது. அவள் எல்லா நோன்பும் பிடித்தாள். பெருநாளைக்குப் புதுச்சேலை கட்டி, அவன் வீடியோவில் கூப்பிட்டால் முகம் தெரிய வேண்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் டிவிக்கு அந்தப் போர் சலித்துவிட்டது, வேறு ஒரு போருக்குப் போய்விட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவள் கை நிறைய மருதாணி வைத்துக்கொண்டாள். அரைத்துக் கொடுத்தது நான்.

பெருநாள் முடிந்து சில நாளில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் சின்னசேலம் ஸ்டேஷனில் இறங்கி, விசாரித்துக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பியோடு அதே கப்பலில் வேலை பார்த்தவர். கப்பல் தன்னுடையது என்று சொல்ல யாரும் வராததால், பிழைத்தவர்களை ஏதோ ஒரு துறைமுகத்தில் மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்களாம். கொடுத்த டீயை அவர் தொடவேயில்லை.

"ரஜப்லயே முடிஞ்சிட்டும்மா. இஞ்சின் ரூம்லதான் முதல்ல குண்டு விழுந்துச்சு. நாங்கதான் தூக்கிட்டு வந்தோம். கரைக்குக் கொண்டுவர வழியில்ல. கடல்லயே தொழுது விட்டுட்டோம்."

இத்தனை மாதத்தில் 'கூறப்படுகிறது', 'தெரிகிறது' என்ற வால் இல்லாமல் எங்களுக்கு வந்த ஒரே செய்தி அதுதான். நான் கத்தினேன். அவள் எழுந்து அறைக்குள் போனாள்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். கூடத்தில் அவர் உட்கார்ந்திருக்க, அவள் அறைக்குள் கதவோரம் நின்றாள். இத்தாவை இன்றிலிருந்து தொடங்குவதா, நாளையிலிருந்தா என்று அவள் அம்மா கேட்டார். ஹஜ்ரத் தூத்துக்குடிக்காரரிடம் தேதியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மவுத்தான நாள்லருந்துதாம்மா கணக்கு. சேதி வந்த நாள்லருந்து இல்ல. நாலு மாசம் பத்து நாள் தாண்டிடுச்சி. தெரியாம இருந்தாலும் இத்தா முடிஞ்சதுதான். இனிமே உனக்கு ஒன்னும் கெடையாது."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, சட்டம் அவர் செய்ததல்ல. அவளைப் போய்ப் பார்க்கலாம் என்று நான் எழுந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"ஒரு நாளாவது உக்காந்துக்கட்டுமாங்க?"

"தேவையில்லம்மா" என்றார் ஹஜ்ரத்.

என் கணவருக்காக அழ எனக்கு நான்கு மாதம் பத்து நாள் கிடைத்தது. அவளுக்கு உரிய நாளெல்லாம் செய்தி பார்த்தே தீர்ந்துபோயிருந்தது.