தட்டின் அடியில் ஐந்து புள்ளிகள்

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிரிசில்லா செக்கிங் சூப்பர்வைசர். பதினெட்டு வருஷமாக ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று துணியில் பழுது தேடுவதே வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிக்சிக்கு மூடி தேடிப் பழைய சாமான் கடைக்குப் போனவர், ஒரு பீங்கான் தட்டோடு திரும்பினார்.

நீலத்தில் இரண்டு கொக்குகள். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. நடுவரை ஒரு விரிசல். "ஜப்பான் தட்டுங்க, நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். காரைக்குடிப் பக்கம் இடிச்ச ஊட்டுல எடுத்தது" என்றிருந்தார் கடைக்காரர்.

"விரிசல் உட்ட தட்டுல என்னத்தப் போட்டுத் திங்கறது?" என்றார் கணவர் சிவராஜ்.

"திங்கறதுக்கு இல்லீங்க. பின்னால பாருங்க, அஞ்சு புள்ளி. இது என்ன பழுதுன்னே தெரியலீங்க."

கொசு கடித்த தடிப்பு மாதிரி, சம இடைவெளியில் ஐந்து புள்ளிகள். பழுது இவ்வளவு ஒழுங்காக வருமா? அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் பழைய கடைகளில் கழிந்தது. உடுமலைப்பேட்டையில் கிடைத்த தட்டில் மூன்று புள்ளி. சோமனூர்க் கிண்ணத்தில் ஒன்றுமே இல்லை. முழுசாக இருப்பவை சம்பளத்துக்கு எட்டவில்லை. மூளியானவையே வீடு வந்து சேர்ந்தன.

போன தை மாதம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஜப்பானிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். சாப்பாட்டு நேரத்தில் பிரிசில்லா கொக்குத் தட்டோடு வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அனுசுயாவிடம் போனார்.

"அவங்ககிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லு கண்ணு."

அனுசுயா கேட்டதும் அந்த அதிகாரி தட்டைத் திருப்பிப் பார்த்தார். மேஜையில் கிடந்த ஐந்து பட்டன்களை எடுத்து வட்டமாக வைத்து, அவற்றின்மேல் தட்டை நிறுத்தினார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"சூளைல தட்டு தொய்ஞ்சுறாம இருக்க, அடியில குட்டிக் குட்டியா மண் முட்டு வெப்பாங்களாம்க்கா. வெந்தப்பறம் தட்டி எடுத்துருவாங்களாம். அந்தத் தழும்புதான். பழுது இல்லியாம்" என்றாள் அனுசுயா.

"அப்ப இந்த விரிசலு?"

அனுசுயா கேட்டாள். "அது விரிசல்தானாம்."

மூவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு அந்தப் பெண் தட்டின் அடிவளையத்தைக் காட்டினார். பளபளப்பு ஏறாத மூன்று சின்ன இடங்கள். பளபளப்புப் பூச்சில் முக்கியெடுத்தபோது யாரோ விரலால் பிடித்த தடமாம். இத்தனை நாளும் பிரிசில்லாவின் கண்ணில் அது படவே இல்லை.

சாயங்காலம் சிவராஜ் தட்டைக் கவிழ்த்துத் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். தடத்தைவிடப் பெரியவை. பிரிசில்லா வைத்தார், கச்சிதமாகப் பொருந்தின.

"இதப் புடிச்சது பொம்பளையா இருக்குமோ?" என்றார் சிவராஜ், தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பியபடி.