துண்டுத்துணியில் தைத்த தோள்பை

தாஜுன்னிசா பதினெட்டு வருடமாக வடக்குத்து என்ற ஊரில் தையல் வேலை செய்கிறார். பக்கத்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பெண்களின் ரவிக்கைகளும் சுடிதார்களும் அவர் வீட்டு முன்னறைக்குத்தான் வரும். கணவர் அப்துல் வாஹித் லாரி மெக்கானிக். போன வருடம் நுரையீரல் கெட்டுப்போய், ஆக்ஸிஜன் கருவி இல்லாமல் பத்தடி நடக்க முடியாதவர் ஆனார். தோளில் மாட்டிக்கொள்ளும் கருவிதான், ஆனாலும் இரண்டரை கிலோ. கூடவே வந்த பையின் பட்டை தோளை அறுத்தது. நடக்கும்போதெல்லாம் கருவி விலாவில் இடித்தது. இரண்டு தடவை மாட்டிப் பார்த்தவர் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கும் போகவில்லை.

"வூட்லயே தொழுதுக்கிறேன் தாஜு, உடு," என்றார்.

தாஜுன்னிசா விடவில்லை. நாடாவை எடுத்துக் கருவியை அளந்தார். கணவரின் தோளையும் அளந்தார்.

புதுப் பை ஒன்றுக்காக, வெட்டி மீந்த ரவிக்கைத் துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பழைய கம்பளி வைத்து, உள்ளே லைனிங் கொடுத்து, மூன்றையும் கட்டம் கட்டமாகச் சேர்த்துத் தைத்தார். மூன்றாவது வரிசையில் ஊசி முறிந்தது. மாற்றிய ஊசியும் முறிந்தது. கனமான ஊசியாக வாங்கி மாட்டி, தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றி மெல்ல மெல்ல நகர்த்தினார். முடிக்க நான்கு நாள் ஆனது.

வாஹித் மாட்டிய பத்தாவது நிமிடம் கருவி சூடாகிக் கத்தத் தொடங்கியது. கம்பளி காற்றுத் துளைகளை அடைத்திருந்தது. அவர் பையைக் கழற்றி வைத்தார்.

"எனக்கு இதெல்லாம் ஒத்து வராது."

"தப்பு பையிலதாங்க. உங்ககிட்ட இல்ல. இப்புடிக் குடுங்க."

பக்கங்கள் இரண்டையும் பிரித்து, துளைகள் இருக்கும் இடத்தில் கொசுவலைத் துணி வைத்துத் தைத்தார். கருவியை உள்ளே ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சூடேறவில்லை.

வாஹித்தின் கண் இப்போது ரவிக்கைத் துண்டுகளின் மேல் போனது. "இந்த ஜரிகைய மாட்டிக்கினு பள்ளிவாசலுக்குப் போவணுமா?"

அது நியாயம்தான் என்று தாஜுன்னிசாவுக்கும் பட்டது. மேல்துணியை முழுக்கப் பிரித்தார். பேண்ட்டின் கால் நீளம் குறைக்கும்போது மிஞ்சிய நீலமும் சாம்பலுமான துண்டுகளைச் சேர்த்து மறுபடி ஆரம்பித்தார். விரல் நுனிகளில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஐந்து நாள் தைத்தார்.

வெள்ளிக்கிழமை தாஜுன்னிசா தெருமுனை வரை கூடவே நடந்தார். வாஹித் வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அவசரப்படுத்தாமல் தாஜுன்னிசாவும் நின்றார். பிறகு கணவர் பள்ளிவாசலுக்குள் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

தொழுகை முடிந்து வந்தவர் வாசலிலேயே சொன்னார்: "பட்டை ரெண்டு விரல் நீளம் ஜாஸ்தி தாஜு. குனிஞ்சா முன்னால வந்து உழுவுது."

மாதக்கணக்கில் எதுவும் வேண்டும் என்று கேட்காத மனிதர். தாஜுன்னிசாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கழட்டுங்க," என்றார்.

அடுத்த வெள்ளிக்குள் பட்டை சரியானது. அன்று வாஹித் தனியாகவே போய் வந்தார்.