அனுப்பினால் போவேன் என்றார் அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் பெற்றிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், அண்ணனுடைய துறவற சபையைச் சேர்ந்த குருக்களுக்கும் சகோதரர்களுக்கும் வணக்கம். அண்ணன் இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இத்தகைய கட்டுரைகளின் முதல் பத்தியில், எண்ணியதெல்லாம் முடித்து அமைதியாகக் கண்மூடினார் என்று எழுதுவது வழக்கம். அச்சகத்தார் அந்த வரியைத் தயாராகவே வைத்திருந்தார். பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். நான் அதை எடுத்துவிடச் சொன்னேன். கடைசிக் காலத்தில் அண்ணன் எண்ணியது ஒன்றே ஒன்று. மடகாஸ்கர் தீவில் தாம் குருவாகப் பணியாற்றிய கோயில் பங்குக்குத் திரும்பிப் போய், அந்த மக்களிடையே கண்மூட வேண்டும் என்பது. அது நடக்கவில்லை. நடக்காததற்குக் கெட்டவர்கள் யாரும் காரணமில்லை என்பதுதான் இதில் எனக்குப் பெரிய வருத்தம்.

அண்ணன் பிறந்தது குப்பத்தை அடுத்த ராமகுப்பத்தில். நைனாவுக்கு மல்பெரித் தோட்டம். வீட்டில் பாதி பட்டுப்பூச்சிகளுக்கு, மீதி எங்களுக்கு. பூச்சிகள் தழைக்குக் காத்திரா என்பதால் அவற்றுக்குப் போட்ட பிறகுதான் எங்களுக்குச் சோறு. அண்ணன் ஒரே மகன். நான் அவருக்கு இளையவள். பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது, குருவாக இறையழைத்தல் உள்ள பிள்ளைகளைத் தேடிச் சபையின் குரு ஒருவர் வந்தார். உலகப் படத்தை விரித்து, எந்தெந்த நாடுகளில் தங்கள் சபையினர் இருக்கிறார்கள் என்று காட்டிவிட்டு, யாருக்கு விருப்பம் என்று கேட்டார். சிலர் கை தூக்கினார்கள். அண்ணன் தூக்கவில்லை. குரு அவரைப் பார்த்து, "நீ வர்றியாப்பா?" என்றார். "கூப்பிட்டா வரேன் சாமி" என்றாராம் அண்ணன். கை தூக்கியவர்கள் ஒருவரும் போகவில்லை. ஒருவர் இப்போது பலமனேரில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார்; இந்த மலரும் அவருக்குப் போகிறது.

வீட்டில் அன்று நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஏன்டா, நீ சாமியாரா பூட்டா பூச்சிக்கு எவன்டா தழை போடறது? பாப்பரசரா வந்து போடுவாரு?" என்றார் நைனா.

"நீ போடுவே நைனா. தங்கச்சி போடுவா."

"அவ போடுவா! அவ புஸ்தகத்த வச்சிக்கினு குந்துனா வீடு பத்திக்கினாலும் எழுந்துக்க மாட்டா."

அம்மா குறுக்கிட்டார்: "கடவுள் கேக்கறாரு, நீ பூச்சிக் கணக்கு சொல்லிக்கினு இருக்கிற. போவட்டும் வுடு."

நைனா மூன்று நாள் பேசவில்லை. பிறகு தாமே தகரப்பெட்டி ஒன்று வாங்கி வந்து வைத்தார். குருப்பட்டம் பெற்று அண்ணன் ஊருக்கு வந்த அன்று, நம் வழக்கப்படி, பெற்ற மகனை "வாங்க சாமி" என்று அழைத்து எழுந்து நின்றவரும் அதே நைனாதான். அதற்குப் பிறகு அவர் அண்ணனைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அண்ணனுக்கு அதில் ஒரு குறை இருந்தது. "ஒருத்தரும் என்ன வாடான்னு கூப்பிட மாட்டேங்கறாங்க பாப்பா" என்று என்னிடம் சொல்வார்.

பட்டம் பெற்றதும் பலமனேர்ப் பக்கம் பள்ளி ஒன்றில் பணி கிடைக்கும் என்று அண்ணன் எதிர்பார்த்தார். கணக்குப் பாடம் நன்றாக எடுப்பார். சபை அவரை மடகாஸ்கருக்கு அனுப்பியது. அவர் விரும்பிப் போகவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். மறைப்பணியாளர்களைப் பற்றிய நூல்களில் எல்லோரும் தீப்பிழம்பு போலக் கிளம்புகிறார்கள். அண்ணன் கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அவருடைய சபையில், அவர் காலத்தவர்களிடம் ஒரு வழக்கம் உறுதியாக இருந்தது. பணியிடத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கொடுத்ததை வேண்டாம் என்பதுமில்லை. கீழ்ப்படிவோம் என்று துறவிகள் கொடுக்கும் வார்த்தைப்பாட்டுக்கு அவர்கள் கண்ட பொருள் அதுதான். அரசுப் பணியில் இருந்த எனக்கு இது விளங்கவே இல்லை. எங்கள் துறையில் இடமாற்றம் கேட்காதவர் உயிரோடு இருக்கிறாரா என்றே சந்தேகப்படுவோம்.

அங்கே முதல் ஆண்டுகள் அவருக்குக் கடினமாகவே இருந்தன. முதலில் பிரெஞ்சு, பிறகு அவர்கள் மொழி. மலைச்சரிவுகளில் நடந்தே ஊர் ஊராகப் போக வேண்டும். ஒரு புயலில் கோயில் கூரை பறந்தது. அடுத்த புயலில் புதுக் கூரையும் பறந்தது. ஆறுதலாக இருந்தது சோறு. அந்த மக்கள் மூன்று வேளையும் சோறு உண்பவர்கள். அடிப்பிடித்த பானையில் நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, அந்தத் தீய்ந்த வாசத்தோடு சூடாகக் குடிப்பார்களாம். நாம் அடிப்பிடித்தால் சமைத்தவரைத் திட்டுவோம். அண்ணன் அதற்கு அடிமையாகிவிட்டார். அங்கே குருவை 'மோம்பேரா' என்று அழைப்பது வழக்கம். பிள்ளைகள் தெருவுக்குத் தெரு அப்படிக் கத்திக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள் என்று அவர் சொல்லும்போது, அந்த முகத்தை இங்கே நாங்கள் வேறெதற்கும் பார்த்ததில்லை. கணக்குப் பாடமும் அங்கே எடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்தவர்களுக்குத் திருமணம் நடத்தி, அவர்கள் பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும் வரை அங்கேயே இருந்தார்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார். ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டே, "வீட்டுக்குப் போற நாள் வந்திடுச்சு" என்றார். நம் வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. அவர் வேண்டுமென்று சொன்னதல்ல.

அம்மாவும் நைனாவும் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், கடைசி விடுமுறையில் வந்தபோது, சித்தூரில் சபையின் இல்லத்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. திருப்பதியில் அறுவை சிகிச்சை நடந்தது. தேறினார். கைத்தடியோடு நடந்தார். திருப்பலி நிறைவேற்றினார். ஆனால் திரும்பிப் போவது நின்றுவிட்டது. சித்தூர் இல்லத்திலேயே இருத்தப்பட்டார். அவரைக் கவனித்துக்கொண்டவர் அதே சபையின் காங்கோ நாட்டுச் சகோதரர். எங்கள் ஊர்க்காரர் ஆப்பிரிக்கப் பக்கம் போக, அந்தப் பக்கத்தவர் சித்தூருக்கு வர, இடையில் விசா அலுவலகங்கள் மட்டும் பிழைத்தன. அந்தச் சகோதரர் தமிழைச் சமையலறையில் கற்றவர். "ஃபாதர், துன்னுங்க. துன்னாம குந்திக்கினு இருந்தா நானு அக்காவுக்கு ஃபோன் போடுவேன்" என்பார். அக்கா என்றது என்னை. பானையை வேண்டுமென்றே அடிப்பிடிக்கவிட்டு, நீர் கொதிக்கவைத்துக் கொடுத்தவரும் அவரே. அண்ணன் அதை ஒரு சொட்டும் விடாமல் குடித்து முடிப்பார்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "ஏண்ணா, திரும்பிப் போகணுமா உனக்கு?"

"அனுப்பினா போவேன்."

"அனுப்பறது இருக்கட்டும். உனக்கு ஆசையா இருக்கா?"

"ஆசையெல்லாம் இருக்குது பாப்பா. அங்க என் கல்லறைக்கு இடங்கூடப் பாத்து வச்சிக்கினேன். ஆனா அனுப்பினாதான்."

இவ்வளவு போதும் என்று நினைத்தேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். பயணம் செய்யலாம் என்று மருத்துவரிடம் சான்று பெற்றேன். விசாவுக்கு வேண்டியவை எவை என்று விசாரித்து வைத்தேன். அந்த நாட்டு ஆயரும் வரட்டும் என்று சொல்லிவிட்டார். மீதமிருந்தது பெங்களூரில் உள்ள மாகாணத் தலைவரின் சொல் ஒன்றுதான். சபையில் இந்தப் பகுதிக்கு அவரே மேலதிகாரி. அண்ணனைவிட வயதில் மிக இளையவர். அன்பானவர். நான் போய் அவரைப் பார்த்தேன்.

"தாராளமா போகலாம்மா. ஆனா ஃபாதர் வாயால கேக்கணும்" என்றார். அதற்குக் காரணமும் சொன்னார். இன்னொரு முதிய குருவை, அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து முன்பு இருந்த நாட்டுக்கே அனுப்பினார்களாம். அவர் போக விரும்பவில்லை. அதைச் சொல்லாமல் போய், அங்கே சில மாதங்களில் இறந்துவிட்டார். "அந்தப் பாவம் எனக்கு இன்னொரு தடவ வேணாம். இப்பல்லாம் நாங்க யாரையும் கேக்காம அனுப்பறதில்ல."

நியாயமான பேச்சு. அண்ணனிடம் வந்து சொன்னேன்: "ஒரு வார்த்த கேட்டுடுண்ணா. கேக்கறது பாவமா?"

"பாவமில்ல. பழக்கமில்ல."

"பழகிக்கோ."

"நீ புரிஞ்சிக்கல. அங்க போனப்ப எனக்கு இஷ்டமே இல்ல. கடவுள் அனுப்பினாரு, போனேன். அதனாலதான் அந்த ஜனங்க எனக்குக் கெடச்சாங்க. இப்ப நானே கேட்டு வாங்கினா அது நான் எடுத்துக்கினது. அனுப்பினது ஆவாது."

இருவர் மேஜைக்கும் இடையே ஒரு கோப்பு போய்வருவதை நான் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அவர் குறிப்பு எழுதட்டும் என்று இவர். இவர் ஆணையிடட்டும் என்று அவர். அங்கே யாராவது ஒருவருக்கு ஏதாவது ஆதாயம் இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் கோப்பு நகரும். இங்கே இருவருமே தன்னலமில்லாதவர்கள். அதனால் நகர்த்த வழியே இல்லை.

மாகாணத் தலைவரே ஒருமுறை சித்தூருக்கு வந்தார். மூவரும் வரவேற்பறையில் உட்கார்ந்தோம். சகோதரர் தேநீர் கொண்டுவந்தார்.

"ஃபாதர், உங்களுக்கு என்ன வேணுமோ தைரியமா சொல்லுங்க."

"ஒண்ணும் வேணாம். எல்லாம் நல்லாப் பாத்துக்கறாங்க."

"மடகாஸ்கர் நெனப்பு வருதா?"

"அங்க இப்ப நாத்து நடுவாங்க. முழங்கால் சேத்துல நின்னுக்கினு பாட்டு பாடுவாங்க. என்னையும் எறக்கி வுட்டுடுவாங்க." அண்ணன் சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாகாணத் தலைவர் என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும், "பாத்தீங்களாம்மா, கேக்கவே இல்ல" என்றார்.

"ஃபாதர், அதுதான் கேட்டது" என்றேன்.

"நமக்கு அப்படித் தோணுது. ஆனா அவரு சொல்லலியே."

உள்ளே போனால் அண்ணன் சொல்கிறார்: "பாத்தியா பாப்பா, அனுப்பறேன்னு ஒரு வார்த்த சொல்லல. சபைக்கு வேற எண்ணம் இருக்கும்."

சகோதரர் கோப்பைகளை எடுத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் ரொம்ப நல்லவங்க அக்கா, இன்னா பண்றது" என்றார். அந்த வீட்டில் நிலைமையைச் சரியாக எடுத்துச் சொன்னவர் அவர் ஒருவரே.

இப்படியே அடுத்த மழைக்காலமும் போயிற்று. அண்ணன் மெலிந்துகொண்டே வந்தார். குருமாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அழைத்தல் குறைந்துவிட்டதால் மாணவர்களும் குறைவு. ராமகுப்பத்துப் பக்கமிருந்து ஒருவரும் இல்லை. "யாரும் கூப்புட வரலியா, இல்ல கூப்பிட்டும் வரலியா?" என்று என்னைக் கேட்டார். பிறகு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. திருப்பதி மருத்துவமனையில் சேர்த்தோம். இனி வீடு திரும்புவது அரிது என்றார்கள்.

மாகாணத் தலைவர் மறுநாளே வந்துவிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்வையாளருக்குத் தரும் உடையை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்ற மறந்து நின்றவரைப் பார்த்து எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் கட்டில் அருகே முழந்தாளிட்டார். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருவரையும் கேட்காமல், "ஃபாதர், உங்கள மடகாஸ்கருக்கு அனுப்பறேன். போங்க" என்றார்.

அண்ணன் கண் திறந்தார். முழங்கையை ஊன்றி எழ முயன்றார்.

"எப்போ?" என்று கேட்டார்.

"ஒடம்பு தேறினதும்."

"சரி" என்றார். என் பக்கம் திரும்பி, பாஸ்போர்ட் எங்கே என்றார். என் கைப்பையில் இருக்கிறது என்றேன். உண்மையில் அங்கேதான் இருந்தது. அடுத்த நாள் மாலை இறைவனடி சேர்ந்தார். சித்தூரில் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. வந்தவர்கள் எல்லோரும், சொந்த மண்ணுக்கே வந்து சேர்ந்துவிட்டார் என்று ஆறுதல் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அண்ணனைத் தந்தையைப் போலக் கவனித்த காங்கோ சகோதரருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. இரவு பகல் பாராமல் உதவிய மருத்துவர்கள், செவிலியர்கள், அடக்கத்துக்கு ராமகுப்பத்திலிருந்தும் பலமனேரிலிருந்தும் வந்த உறவினர்கள், இல்லத்துக் குருமாணவர்கள் அனைவருக்கும் நன்றி. மாகாணத் தலைவருக்கும் நன்றி. அவர் அழுததை நான் பார்த்தேன். அவர் கடைசியில் செய்தது சரியானதுதான்.

இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. அடக்கம் முடிந்த பிறகு, மடகாஸ்கரில் அண்ணன் இருந்த பங்கின் மக்கள் தொலைபேசியில் சகோதரரோடு பிரெஞ்சில் பேசினார்கள். அவர்களும் அங்கே அண்ணனுக்காகத் திருப்பலி வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை என்னிடம் சொல்லச் சகோதரர் தயங்கினார். வற்புறுத்தியபின் சொன்னார். மோம்பேராவுக்குச் சொந்தக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள், அதனால்தான் தங்களிடம் திரும்பி வர விரும்பவில்லை என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அதில் கோபம் இல்லை என்றும், வயதானவர் தம் சனத்தோடு இருப்பதுதான் முறை என்றும் சொன்னார்களாம்.

ஆகவே இந்தக் கட்டுரையைச் சகோதரர் பிரெஞ்சில் எழுதித் தர, அங்கே அனுப்புகிறோம். அண்ணனை அத்தனை ஆண்டுகள் சோறிட்டுக் காத்த அந்த மக்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. அவர்கள் நினைப்பது தவறு. அண்ணன் வர மறுக்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டார்.