செலின் கண்ட பிழை

கனமான இரட்டை நட்சத்திரங்கள் கூட்டங்கூட்டமாக எப்படி வாழ்ந்து மடிகின்றன என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் ஆராய்ச்சி. அமரவிளையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு என்னோடு பஸ்ஸில் வரும் தோழி, சக ஆராய்ச்சி மாணவி செலினிடம் அதற்கு நான் எழுதிய நிரலை ஃப்ளாப்பியில் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாக்கும், தப்பு ஒண்ணும் இல்ல" என்றாள்.

டிசம்பரில் நடந்த கருத்தரங்கில் நான் பேசி முடித்ததும் அவளே எழுந்தாள். ஒரு நட்சத்திரம் இழக்கும் பொருள் அதன் ஜோடிக்குப் போவதை நிரல் கணக்கில் எடுக்கவில்லை என்றாள். உண்மைதான். எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "எப்பம் கண்டுபிடிச்ச?"

"ஓணத்துக்கு முன்னயே."

"எங்கிட்ட சொல்லப்பிடாதா?"

"சொன்னா நீ திருத்தியிருப்ப மக்கா. பொறவு எனக்க பேரு ஆருக்குத் தெரியும்?"

பிழை என்னுடையது, அந்த வாரமே திருத்திவிட்டேன். சபையில் சொன்னதைக்கூட மன்னிக்கலாம். அதை மனதில் வைத்துக்கொண்டே தினமும் என்னோடு சிரித்துப் பேசினாளே, அதுதான் இன்னும் ஆறவில்லை.