ஆம் என்றால் மேலே

சீருடை தைக்கும் ஆலையில் மேற்பார்வை பார்க்கும் அவளுக்கு ‘மேஜர்’ என்று பட்டப்பெயர். அத்தனை தையல் இயந்திரங்கள் இரைகிற கூடத்தில், ஒரு காலர் கோணலாகப் போனால் மறுகோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். வீட்டிலும் அதே அதிகாரம்தான். ஊருக்கெல்லாம் குழாய் ரிப்பேர் பார்க்கிற கணவன் சொந்தச் சமையலறைக் குழாயை ஒழுகவிட்டிருப்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இரத்தக் கொதிப்புக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, “கொதிப்பு வர்றது என்கிட்ட வேலை பார்க்கறவங்களுக்குத்தான்” என்று சொல்லிப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் காலை, வெட்டி வைத்த துணிகளைப் புரட்டிக்கொண்டிருந்தவள் “தலை...” என்றாள். அடுத்த சொல் வரவில்லை. மேசைமீதே சரிந்தாள்.

வேலையில் கையில் ஒட்டிய சிமெண்டு காயும் முன்பே ஆஸ்பத்திரிக்கு ஓடினான் கணவன். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் வாயில் குழாய் செருகியிருந்தார்கள். இயந்திரம் மூச்சு விட, அவள் மார்பு ஏறி இறங்கியது. நரம்பு டாக்டரம்மா கட்டில் ஓரமாகவே நின்று ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

“மூளைக்கு அடியில தண்டு மாதிரி ஒரு பகுதி இருக்கு. மூச்சு, முழிப்பு, கை கால் அசைவு எல்லாத்துக்கும் வழி அதுதான். அங்க இரத்தம் கசிஞ்சிருக்கு.”

“ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்ல?”

“அந்த இடத்துல கத்தி வெச்சா, மிச்சம் இருக்கறதும் போயிடும்.”

“பிழைச்சுக்குவாளா டாக்டர்?”

அவர் சுற்றி வளைக்கவில்லை. “கசிவு எவ்வளவு பெருசு, கொண்டு வரும்போது எவ்வளவு நினைவு இருந்துச்சு, பெரும்பாலும் இந்த ரெண்டை வெச்சுத்தான் சொல்றோம். ரெண்டுமே இவங்களுக்குச் சாதகமா இல்ல. இப்படி வர்ற பத்துப் பேர்ல ஏழெட்டுப் பேர் ஒரு மாசம் தாண்டறதில்ல. தாண்டினாலும் எழுந்து உட்காருவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. இதயம் நின்னு போச்சுன்னா, மார்பை அழுத்தித் திருப்பிக் கொண்டு வரணுமா? யோசிச்சுச் சொல்லுங்க.”

‘ஏழெட்டு’க்குப் பிறகு எதுவும் அவன் காதில் ஏறவில்லை. நேற்று இரவு குழாயைப் பற்றி ஏசியவள் இவள்தானா என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நாள்கள் போயின. அவள் கண் திறக்கவில்லை, கிள்ளினாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் அழுது ஓய்ந்து வெளியே பெஞ்சில் கிடந்தாள். அவனுடைய அக்கா வந்து, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடி குரலைத் தாழ்த்தினாள்.

“சொல்றேன்னு தப்பா நினைக்காத தம்பி. உனக்கு ஒண்ணும் வயசு ஆகிடல. பொண்ணு கட்டிப் போயிட்டா உனக்குச் சோறு யார் போடுவா? எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு இருக்கு.”

வாயை மூடு என்று சொல்லத் தெம்பில்லை.

அன்று டாக்டரம்மா வந்ததும், “இதயம் நின்னா அவளைப் போட்டு அழுத்த வேண்டாம் டாக்டர். வலிக்கும்” என்றான். அவர் தலையசைத்துவிட்டு வழக்கம்போல அவள் இமைகளை விரலால் தூக்கிப் பிடித்தார்.

“அம்மா, மேல பாருங்க.”

கருவிழிகள் மேலே போயின.

“தற்செயலா இருக்கும் மேடம்” என்றாள் நர்ஸ்.

“கீழ பாருங்க.”

கீழே இறங்கின.

டாக்டரம்மாவின் குரல் மாறியது. “ஆமான்னா மேல பாருங்க. இல்லேன்னா கீழ. உங்க கணவர் இங்க நிக்கறாரா?”

மேலே.

“உங்களுக்கு ரெண்டு பசங்களா?”

கீழே.

“ஒரே பொண்ணா?”

மேலே.

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். உடம்பு முழுக்க மரத்துப்போய், கண்ணை மட்டும் மேலும் கீழும் ஆட்ட முடிகிற நிலையில், அவள் உள்ளே விழித்திருந்தாள்.

“எவ்வளவு நாளா டாக்டர்?”

“தெரியல.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அன்னைக்கு இந்தக் கட்டில் பக்கத்துலயே நின்னு பேசிட்டேன். பேசியிருக்கக் கூடாது.” பிறகு அவள் முகத்தருகே குனிந்தார். “அம்மா, உங்க இதயம் நின்னா நாங்க முயற்சி பண்ணணுமா? உங்களைத்தான் கேட்கறேன்.”

கருவிழிகள் மேலே போயின. போனவை இறங்கவேயில்லை. தன் பதில் வாயிலிருந்து வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்பது உறைத்ததும், அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆமை வேகம்தான். முதலில் வலது கட்டைவிரல் அசைந்தது. பிறகு மணிக்கட்டு. தொண்டையில் துளைபோட்டு வைத்த குழாயை மாதங்கள் கழித்து எடுத்தபோது குரல் காற்றாக வந்தது. அவன் காதை வாயருகே கொண்டுபோனான்.

“உங்கக்கா... பொண்ணு... பார்த்தாச்சா?”

சிரிப்பதா அழுவதா தெரியாமல் விழித்தவனைப் பார்த்து, அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறாள் என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

எல்லாம் திரும்பி வரவில்லை. இடது கை மடியிலேயே கிடக்கிறது. எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிவதால் ஒரு கண்ணை மூடிக் கட்டியிருக்கிறாள். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. ஆலைக்கு இனிப் போக முடியாது என்று தெரிந்த அன்று, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பரிசோதனைக்குப் போன ஒரு நாள் அவன் டாக்டரம்மாவிடம் கேட்டான். “அன்னைக்கு நீங்க சொன்ன கணக்கு தப்பா டாக்டர்?”

“தப்பில்ல. அதே மாதிரி கசிவோட இன்னைக்கும் ஒருத்தர் மாடியில படுத்திருக்கார். பத்துல ரெண்டு மூணு பேர் தாண்டுவாங்கன்னு தெரியும். அது யார்னுதான் தெரியறதில்ல.”

சக்கர நாற்காலியிலிருந்து அவள் குழறினாள். “என்னை... அங்க கூட்டிட்டுப் போங்க.”

டாக்டரம்மா யோசித்தார். அந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டு அழைத்துப் போனார். நடுவயது ஆள். பக்கத்தில் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மேஜர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டச் சொல்லி, தன்னால் முடிந்த அளவு சத்தமாக, “மேல பாருங்க” என்றாள்.

டாக்டரம்மா இமைகளைத் தூக்கிப் பிடித்தார். கண்கள் அசையவில்லை. மறுபடி சொன்னாள். அசையவில்லை.

அந்த மனைவி குலுங்கி அழுதாள். மேஜர் வலது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். போகலாமா என்று கணவன் கேட்டதற்கு, கண்ணைக் கீழே தாழ்த்தினாள்.